பெயர் ஒரு பக்கம், தேதி வேறு பக்கம்: ஜெர்மன் சிப்பாயின் சம்பளப் புத்தகத்தைப் படிக்கும் முறை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்த ஒவ்வொரு சிப்பாயும் சட்டைப் பையில் ஒரு சிறு புத்தகத்தை வைத்திருந்தார். ‘சோல்ட்பூக்’ என்று அதற்குப் பெயர். சோல்ட் என்றால் படைச் சம்பளம், பூக் என்றால் புத்தகம். அடையாளச் சான்றாகவும் செல்லும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். உள்ளங்கை அளவு, இருபத்துச் சொச்சம் பக்கங்கள். தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ போரில் எங்கே இருந்தார், எந்தப் படையில் இருந்தார் என்று தேடத் தொடங்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் சான்று இதுதான். கையில் எடுத்தவர்கள் நேராக நான்காம் பக்கத்துக்குப் போகிறார்கள். படைப்பிரிவின் பெயர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயரை இணையத்தில் தேடி, அந்தப் பிரிவு 1939 முதல் 1945 வரை போன ஊர்கள் எல்லாவற்றுக்கும் தங்கள் ஆளும் போனதாக எழுதி வைத்துவிடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. நான்காம் பக்கத்தில் பிரிவின் பெயருக்குக் கட்டம் உண்டு, தேதிக்குக் கட்டம் கிடையாது. எந்த நாளில் அந்தப் பிரிவில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்பதை அந்தப் பக்கம் சொல்லவே சொல்லாது. தேதிகள் தடுப்பூசி, மருத்துவமனை, பதவி உயர்வு, பதக்கம், விடுப்பு என்று வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சிப்பாயின் போர்க்காலத்தைக் கண்டுபிடிப்பது என்பது தேதியில்லாத பெயரையும் பெயரில்லாத தேதியையும் பொருத்தும் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற படிகள் தாமாக ஒழுங்குக்கு வரும்.

முதல் வேலை படமெடுப்பது. அட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு முறையும் பக்கவாட்டு ஒளியில் ஒரு முறையும் எடுங்கள். மங்கிய பென்சில் கோடும் அழித்தெழுதிய தடமும் பக்கவாட்டு ஒளியில்தான் தெரியும். லேமினேஷன் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். உள்ளே செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளை, எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறிக்காமல் வெளியே எடுக்காதீர்கள். அடுத்த தடை கையெழுத்து. அந்தக் காலத்து எழுத்தர்கள் பலர் பள்ளியில் ‘ஸூட்டர்லின்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைக் கற்றவர்கள். 1941-இல்தான் அது பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. அதில் ‘ஈ’ என்ற எழுத்து நம் கண்ணுக்கு ‘என்’ போலத் தெரியும். ‘யு’ எழுத்துக்கு மேலே ஒரு வளைகோடு இருக்கும், அது இல்லையென்றால் ‘என்’. இந்த மூன்று எழுத்துகளைப் பிரித்தறியப் பழகினாலே பாதி ஊர்ப்பெயர்கள் பிடிபடும். பிறகு, அந்த ஊர்களில் பல இன்று வேறு பெயரில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விராட்ஸ்வாவ், லெம்பெர்க் இன்று உக்ரைனின் லிவிவ்.

முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே பதவி உயர்வுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் கீழே ‘எர்கென்னுங்ஸ்மார்க்கெ’ என்ற அடையாள வில்லையில் பொறித்த எழுத்தும் எண்ணும், இரத்த வகை, வாயுமுகமூடியின் அளவு, ‘வேர்நும்மர்’ என்ற பதிவெண். வில்லை வரியை மிகக் கவனமாகப் படியெடுங்கள். அதில் இருக்கும் பிரிவு, வில்லையை முதலில் கொடுத்த பிரிவு, பெரும்பாலும் பயிற்சிக் கம்பெனி. சிப்பாய் பின்னால் நான்கு பிரிவு மாறினாலும் வில்லை மாறுவதில்லை. ஆகவே அது கடைசிப் பிரிவைக் காட்டும் என்று நினைப்பது தவறு. இந்த வரிக்கு வேறொரு மதிப்பு இருக்கிறது, ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது அது தெரியும். பதிவெண்ணில் ஆள்சேர்ப்பு மாவட்டத்தின் பெயரும் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் உள்ள பிறந்த தேதியோடு அது ஒத்துப்போகாவிட்டால், புத்தகத்தையே சந்தேகித்துத்தான் மேலே போக வேண்டும். பதவியின் பெயரும் ஒரு தடயம். அதே கடைநிலைச் சிப்பாய் காலாட்படையில் ‘ஷூட்ஸெ’, பீரங்கிப்படையில் ‘கனோனியர்’, பொறியாளர் படையில் ‘பியோனியர்’, தகவல் தொடர்புப் படையில் ‘ஃபுங்கர்’. பிரிவின் பெயரே படிக்க முடியாமல் போனாலும், அவர் தோளில் துப்பாக்கி இருந்ததா, பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றாரா என்பதை இந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

இப்போது நான்காம் பக்கத்துக்கு வரலாம். அது மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும். மேலே, அவரைப் போர்முனைக்கு அனுப்பிய ‘எர்சாட்ஸ்’ பிரிவு, அதாவது தாய்நாட்டில் இருந்து ஆளைப் பயிற்றி அனுப்பும் பிரிவு. நடுவில், போர்முனைப் பிரிவுகள். கீழே, இப்போது அவருக்குப் பொறுப்பான எர்சாட்ஸ் பிரிவு. பழையதைக் கோடிட்டு அடித்துவிட்டு அடுத்ததை எழுதுவார்கள், அடிக்கப்படாமல் கடைசியாக நிற்பதுதான் நடப்பில் இருந்தது. எண்களைப் படிப்பதில் ஒரு விதி உண்டு. சாய்கோட்டுக்கு முன்னால் சாதாரண எண் இருந்தால் அது கம்பெனி, ரோமன் எண் இருந்தால் பட்டாலியன், சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது ரெஜிமெண்ட். வழக்கமான காலாட்படை ரெஜிமெண்டில் 1 முதல் 4 வரையிலான கம்பெனிகள் முதல் பட்டாலியனிலும், 5 முதல் 8 வரை இரண்டாவதிலும், 9 முதல் 12 வரை மூன்றாவதிலும் இருந்தன. 4, 8, 12 ஆகியவை இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிகள், 13 காலாட்படையின் சொந்தப் பீரங்கிக் கம்பெனி, 14 டாங்கி எதிர்ப்புக் கம்பெனி. ஆகவே ‘6’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தவுடனே அவர் இரண்டாம் பட்டாலியனின் துப்பாக்கிக் கம்பெனியில் இருந்தவர் என்று சொல்லலாம். இது சிறு விஷயம் அல்ல. ஒரே ரெஜிமெண்டின் இரண்டு பட்டாலியன்கள் ஒரே நாளில் வெவ்வேறு ஊர்களில் இருந்திருக்க முடியும். இன்னொன்று, 1942 அக்டோபர் 15 அன்று காலாட்படை ரெஜிமெண்டுகள் எல்லாம் ‘கிரெனடியர் ரெஜிமெண்ட்’ என்று பெயர் மாற்றப்பட்டன. அதே எண், பெயர் மட்டும் புதிது. தேதி இல்லாத நான்காம் பக்கத்தில் ‘கிரெனடியர்’ என்ற சொல் வந்தால், அந்த வரி அந்த நாளுக்குப் பிறகு எழுதப்பட்டது என்று ஒரு கீழ் எல்லை கிடைத்துவிடுகிறது.

அடுத்த படி, தாளில் ஓர் அட்டவணை போடுவது. நான்கு பத்தி போதும்: தேதி, நிகழ்வு, முத்திரை, பக்க எண். புத்தகம் முழுக்க எங்கெல்லாம் தேதி இருக்கிறதோ அதையெல்லாம் எடுத்துக் கால வரிசையில் எழுதுங்கள். சீருடை வழங்கியது, பற்சிகிச்சை, ஊசி எதையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். தடுப்பூசிப் பக்கத்தில் ஒரு சொல் பலரை ஏமாற்றும். ஜெர்மனில் ‘டிஃபுஸ்’ என்றால் நமக்குத் தெரிந்த டைபாய்டு. ஆங்கிலத்தில் டைபஸ் எனப்படும், பேன் பரப்பும் காய்ச்சலுக்கு ஜெர்மனில் ‘ஃப்ளெக்ஃபீபர்’ என்று வேறு பெயர். விடுப்புப் பக்கத்தில் தேதிகளோடு காரணமும் இருக்கும். ஓய்வு விடுப்பா, நோய் தேறும் விடுப்பா, தனிக் காரணத்துக்கான விடுப்பா என்று பார்த்துக் குறியுங்கள். சம்பளப் புத்தகம் என்று பெயர் இருந்தாலும் சம்பளக் கணக்கு இதில் அதிகம் இருக்காது. சொந்தப் பிரிவை விட்டு வெளியே இருந்தபோது வாங்கிய பணத்தைத்தான் இதில் குறித்தார்கள். அதனால் சம்பளப் பக்கத்தில் ஒரு வரி இருந்தாலே அந்த நாளில் அவர் தன் பிரிவோடு இல்லை என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது மருத்துவமனைப் பக்கம். காயம்பட்டவரை ஜெர்மன் படை படிப்படியாகப் பின்னுக்கு அனுப்பியது. முதலில் போர்முனைக்கு அருகிலுள்ள ‘ஃபெல்ட்லாட்சரெட்’, பிறகு அதற்குப் பின்னால் உள்ள ‘கிரீக்ஸ்லாட்சரெட்’, கடைசியில் தாய்நாட்டின் ‘ரிசர்வ்லாட்சரெட்’. எத்தனை படி பின்னால் போனார் என்பதே காயத்தின் கடுமையைச் சொல்லும். நோயின் பெயருக்குப் பதில் பெரும்பாலும் ஓர் எண்தான் இருக்கும், அதற்கென்று படை ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருந்தது. விளக்கத்துக்காக ஒரு புத்தகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நான்காம் பக்கத்தில் இரண்டு போர்முனைப் பிரிவுகள், முதலாவது அடிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனைப் பக்கத்தில் 1942 பிப்ரவரி 3 அன்று ஃபெல்ட்லாட்சரெட், ஒரு வாரத்தில் கிரீக்ஸ்லாட்சரெட், மார்ச்சில் பிரெஸ்லாவில் ரிசர்வ்லாட்சரெட், ஜூனில் வெளியேற்றம். விடுப்புப் பக்கத்தில் ஜூன் கடைசியில் நோய் தேறும் விடுப்பு. பதக்கப் பக்கத்தில் பிப்ரவரி 20 தேதியிட்ட கறுப்புக் காயச் சின்னம், ஆகஸ்டில் கிழக்குப் பதக்கம். முதல் பக்கத்தில் நவம்பர் 1 அன்று பதவி உயர்வு, அதற்கு நேராகப் புதிய எண்ணோடு ஒரு முத்திரை. இந்த ஐந்து பக்கங்களையும் சேர்த்துப் படித்தால் முதல் பிரிவிலிருந்து அவர் பிப்ரவரி 3 அன்றே பிரிந்துவிட்டார் என்பதும், கோடை முழுவதும் தாய்நாட்டில் இருந்தார் என்பதும், நவம்பருக்குள் இரண்டாம் பிரிவுக்கு வந்துவிட்டார் என்பதும் தெரிகிறது. அந்த முதல் பிரிவு 1942 வசந்தத்திலும் கோடையிலும் செய்த எதையும் இவர் கணக்கில் எழுத முடியாது. நான்காம் பக்கத்தை மட்டும் பார்த்தவர் எழுதியிருப்பார்.

இதே எடுத்துக்காட்டில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. காயச் சின்னத்தை மருத்துவமனையே வழங்கலாம். அதனால் அந்த வரிக்கு நேரான முத்திரை அவருடைய பிரிவினுடையதாக இருக்க வேண்டியதில்லை. கிழக்குப் பதக்கம் 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரையிலான குளிர்காலச் சண்டைக்கு உரியது. ஆனால் பதக்கமே 1942 மே 26 அன்றுதான் நிறுவப்பட்டது. ஆகஸ்டில் தாய்நாட்டுப் பிரிவு அதை வழங்கியதால் ஆகஸ்டில் அவர் ரஷ்யாவில் இருந்தார் என்று ஆகாது. வழங்கிய நாள் ஒன்று, ஈட்டிய நாள் ஒன்று. பதக்கங்களை இப்படி அவற்றின் விதிகளோடு சேர்த்துப் படித்தால் நிறையக் கிடைக்கும். காயச் சின்னம் ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்துக்கும் அதற்கு மேலும் பொன். ஆனால் ஒரே காயத்தில் கையையோ காலையோ கண்ணையோ இழந்தவருக்கும் வெள்ளி உண்டு. காலாட்படைத் தாக்குதல் சின்னம் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதலில் கலந்துகொண்டவருக்கு உரியது. அது வெண்கலமாக இருந்தால் அவர் மோட்டார் வண்டிகளில் சென்ற காலாட்படையைச் சேர்ந்தவர்.

முத்திரைகளுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பிரிவின் பெயர் எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு போர்முனைப் பிரிவுக்கும் ‘ஃபெல்ட்போஸ்ட்’ என்ற படை அஞ்சல் எண் கொடுத்திருந்தார்கள். கழுகுச் சின்னத்தைச் சுற்றி ஐந்து இலக்கம் இருக்கும் முத்திரை அதுதான். எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து வந்தால் அது உட்பிரிவு. பட்டாலியனின் எண்ணாக இருந்தால் ‘ஏ’ தலைமையகம், ‘பி’ முதலான எழுத்துகள் கம்பெனிகள். இந்த எண்களை அவிழ்க்க நார்பெர்ட் கன்னாப்பின் தொகுத்த ஃபெல்ட்போஸ்ட் பட்டியல் இருக்கிறது. பிரிவு எந்த டிவிஷனில், எந்தப் போர்முனையில் எந்த மாதத்தில் இருந்தது என்பதற்கு கியோர்க் டெஸ்ஸினின் பெருந்தொகுப்பு இருக்கிறது. பெரிய ஜெர்மன் நூலகங்களில் இரண்டையும் பார்க்கலாம். எண்ணை மட்டும் கொண்டு தேடாதீர்கள், எண்ணோடு தேதியையும் சேர்த்தே தேடுங்கள். ஒரு பிரிவு அழிந்தாலோ கலைந்தாலோ அதன் எண் வேறொரு பிரிவுக்குப் போனதுண்டு. 1941-இல் ஒரு பிரிவுக்கு இருந்த எண் 1944-இல் முற்றிலும் வேறொரு பிரிவுக்கு இருக்கலாம்.

அரசு முத்திரை குத்திய ஆவணத்தை இவ்வளவு சந்தேகிக்க வேண்டுமா என்று கேட்கலாம். சந்தேகிக்கத்தான் வேண்டும், அதற்குக் காரணங்கள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. தொலைந்துபோன புத்தகத்துக்குப் பதிலாக இரண்டாம் படி வழங்கினார்கள். அதில் பழைய பதிவுகளை வேறு தாள்களிலிருந்தோ சிப்பாயின் வாய்மொழியிலிருந்தோ எடுத்து ஒரே அமர்வில் எழுதினார்கள். மூன்று ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் போட்டதாகச் சொல்லும் ஊசிகள் எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அது படியெடுத்த பக்கம். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அன்றன்று எழுதிய பதிவின் எடை அதற்கு இல்லை. உண்மையாகவே வாழ்ந்த புத்தகத்தில் மை மாறும், கை மாறும், பென்சில் இடையில் வரும், முத்திரை ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் பாதியாகவும் விழுந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கிய புத்தகம் என்றால் இன்னும் கவனம் தேவை. சேகரிப்பாளர் சந்தையில், எளிய புத்தகத்தில் பெரிய பதக்கங்களைப் பின்னால் எழுதிச் சேர்த்து விலையேற்றும் வேலை நடக்கிறது. பதக்கம் நிறுவப்படுவதற்கு முந்தைய தேதியில் வழங்கியதாகப் பதிவு இருந்தாலோ, 1941 தேதியிட்ட வரியில் ‘கிரெனடியர் ரெஜிமெண்ட்’ என்ற முத்திரை இருந்தாலோ, மருத்துவமனையில் படுத்திருந்த நாளில் தாக்குதல் சின்னம் ஈட்டியதாக இருந்தாலோ அந்தப் பதிவைத் தள்ளிவையுங்கள்.

இத்தனை பாடு எதற்கு, காப்பகத்துக்கே எழுதிக் கேட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். எழுதத்தான் வேண்டும், ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு. 1939 ஆகஸ்டில் தொடங்கிய படைத் தகவல் நிலையம், போருக்குப் பின் பெர்லினில் ‘டாய்ச்செ டீன்ஸ்ட்ஸ்டெல்லெ’ என்ற பெயரில் நடந்து, 2019 ஜனவரி 1 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதியாகிவிட்டது. 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் அங்கே இருக்கின்றன. பிரிவுகள் அனுப்பிய அடையாள வில்லைப் பட்டியல்களும், இறந்தோர், காயமுற்றோர் பற்றிய அறிக்கைகளும் இருக்கின்றன. முதல் பக்கத்து வில்லை வரிக்கு மதிப்பு இங்கேதான். பெயரும் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் கொடுத்தால் அட்டையைத் தேடுவார்கள், வில்லை எழுத்தையும் கொடுத்தால் பட்டியலையே தேட முடியும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். இறந்து 10 ஆண்டு ஆகாதவரின் ஆவணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் இறந்த தேதிக்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனால் காப்பகம் எல்லாவற்றையும் வைத்திருக்கவில்லை. 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாமில் விழுந்த குண்டுகளில் அங்கிருந்த இராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தது. ஆள் ஒரு வாரம் எங்கே இருந்தார் என்பதற்கான ஒரே பதிவு உங்கள் கையில் உள்ள புத்தகத்தின் பல்மருத்துவப் பக்கமாக இருக்கக்கூடும். வீட்டில் ‘வேர்பாஸ்’ என்ற இன்னொரு புத்தகம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பணியில் இருந்தவரை அது படை அலுவலகத்திடம் இருந்தது, சிப்பாய் இறந்தால் குடும்பத்துக்கு வந்தது. அதில் பிரிவுகளுக்குத் தேதியும் உண்டு, கலந்துகொண்ட சண்டைகளின் பட்டியலும் உண்டு. பிரிவும் தேதியும் உறுதியான பிறகு டிவிஷனின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். மூலங்கள் ஃப்ரைபர்கிலுள்ள இராணுவக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றின் நுண்படச் சுருள்கள் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில், டிவிஷன்களுக்கு டி-315 என்ற வரிசையில் கிடைக்கும். கல்லறையைத் தேடுவோருக்கு 1919-இல் தொடங்கிய ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கத்தின் பெயர்த் தேடல் இருக்கிறது.

கடைசியாக உள்ள கேள்விதான் மிகக் கனமானது. இந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் குற்றமற்றவர் என்றோ குற்றவாளி என்றோ சொல்லலாமா? கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் தரைப்படையின் பிரிவுகள் யூதர்களையும் சிறைப்பட்ட வீரர்களையும் பொதுமக்களையும் கொன்றதில் பங்கெடுத்தன என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. புத்தகத்தில் அதற்கான பக்கம் கிடையாது. ஊசியும் காலணி அளவும் விடுப்பும் மட்டுமே இருக்கும் புத்தகத்தைக் காட்டி “தாத்தா ஒன்றும் செய்யவில்லை” என்பவர், இந்தப் படிவம் கேட்காத கேள்விக்கு அதன் பேரில் பதில் சொல்கிறார். மறுபக்கம், டிவிஷனின் குற்றத்தை அதன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தேதி பார்க்காமல் எழுதுவதும் சான்றாகாது. 1995-இல் தொடங்கி ஜெர்மன் நகரங்களில் சுற்றிய, ‘வேர்மாக்ட்’ எனப்பட்ட அந்த ஜெர்மன் படையின் குற்றங்கள் பற்றிய கண்காட்சி 1999-இல் நிறுத்தப்பட்டது. சில புகைப்படங்களின் விளக்கங்கள் தவறு என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருந்தார்கள். ஆய்வுக்குப் பின் திருத்திய வடிவில் 2001-இல் அது மீண்டும் திறந்தது, அடிப்படை வாதம் அசையவில்லை. ஆனால் அந்தச் சில தவறான விளக்கங்களைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் மறுக்க முயன்றவர்கள் இருந்தார்கள். தேதியில் துல்லியமாக இருப்பது குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் நியாயமும் அந்தத் துல்லியத்தில்தான் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் ஒரு தேதியும் ஊரும் உறுதியாகி, அதே தேதியில் அதே ஊரில் ஒரு படுகொலை நடந்தது என்று நாட்குறிப்போ விசாரணை ஆவணமோ சொன்னால், அந்த வரியை எழுதுங்கள். வீட்டில் வருத்தப்படுவார்கள் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

அட்டவணையை மூன்று மையில் எழுதி வையுங்கள். முத்திரையும் தேதியும் சேர்ந்தே இருக்கும் பதிவு ஒரு மையில், இரண்டு பக்கங்களைப் பொருத்தி ஊகித்தது இன்னொரு மையில், குடும்பத்தில் சொல்லக் கேட்டது மூன்றாவது மையில். எதுவும் தெரியாத மாதங்களை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஃப்ரைபர்கின் ஆவணங்கள் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன.